பட்டன் பேர்ல வந்த காசு

வேணாம்மா, உள்ள வை. மொதல்ல அந்தப் பர்ஸை மூடு. கால்ல கட்டோட ஒரு பூனையைப் பாத்ததும் கை தானா பர்ஸுக்குப் போகுது பாரு. நல்ல மனசுதான், நான் குத்தமா சொல்லல. ஆனா இதைக் காட்டி இனிமே யார்கிட்டயும் ஒரு காசு வாங்கக் கூடாது. அது எங்க வீட்டுல ஏற்கெனவே நாறிப்போச்சு.

என்னது, போன்ல பாத்திருக்கியா? பட்டனா? ஆமாமா, பட்டன்தான் அந்த வீடியோவுல வர்ற பூனை பேரு. பின்னங்கால்ல கட்டு, சோகமா ஒரு வயலின், கீழ ஓடுற எழுத்து. எல்லாம் பாத்திருக்கே. அழுதியா? ரெண்டு தடவையா? அடப்பாவமே. காசும் அனுப்பிச்சியா? எவ்வளவுன்னு மட்டும் சொல்லாதே தாயி. கேட்டா நான் இங்கயே சத்தம் போட்டுடுவேன். பஸ்ல வேற உக்காந்திருக்கோம்.

நான் யாருன்னு கேக்குறியா? அந்த வீடியோவை எடுத்துப் போட்டவனைப் பெத்தவ. ஐயோ, எழுந்திருக்காதே, கும்பிடவெல்லாம் வேணாம். கும்பிடுற மாதிரி ஒண்ணும் நடக்கல. உக்காரு. பூனைக் கூடையை என் பக்கம் இழுத்துக்கிறேன், உன் முட்டியை இடிக்குது. நீ காசு போட்டவ, என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்க உனக்கு உரிமை இருக்கு. கேளு.

இதுல மொதல் ஆளு என் மருமக. அவதான் பட்டனுக்குச் சொந்தக்காரி. ஒரு ரெடிமேட் துணி கம்பெனியில செக்கிங் டேபிள்ல நிக்கிறா. தையல் பிரிஞ்சிருக்கா, கறை கிறை இருக்கான்னு ஒவ்வொரு சட்டையா விரிச்சுப் பாத்துத் தள்ளணும். நாள் பூரா நின்னுக்கிட்டேதான். ஒரு சாயங்காலம் வெட்டுத்துணி மூட்டைக்குள்ள ஏதோ கீச்சுகீச்சுன்னு கத்துதேன்னு கையை விட்டுத் துழாவியிருக்கா. உள்ளங்கை அளவுல இது கெடந்துச்சாம். இது இல்ல, பட்டன். ரெண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிப்போயி, மேலெல்லாம் நூலு சுத்திக்கிட்டு. சூப்பர்வைசர் தூக்கி வெளிய போடுன்னிருக்கான். இவ டிபன் பையில இருந்து பாக்ஸை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, அந்தப் பையில குட்டியைப் போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டா.

எனக்கு அப்போ பூனைன்னாலே ஆகாது. தலையணை மேல முடி, பால் பாத்திரத்துல மூஞ்சி, யாருக்கு வேணும்? நான் மொணமொணன்னுக்கிட்டே இருந்தேன். அவ பாட்டுக்கு வெந்நீர்ல பஞ்சை நனைச்சு அந்தக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருந்தா. தொறந்தப்புறம் பாத்தா கறுப்பா, வட்டமா, சட்டைப் பட்டன் கணக்கா ரெண்டு கண்ணு. அதான் பேரு. அது என்னையும் விடல. நான் காலை நீட்டி உக்காந்தா கணுக்கால் மேல தலையை வச்சுப் படுத்துக்கும். எவ்வளவு நேரம்தான் மொறைச்சுக்கிட்டு இருக்கிறது சொல்லு? அப்புறம் அவ வேலைக்குப் போனா அதுக்குச் சோறு வைக்கிறதே நான்தான்னு ஆயிடுச்சு.

என் மகனா? அவன் கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுக்கிறவன். தொழில்ல கெட்டிக்காரன், அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். பொண்ணோட அப்பா எப்போ அழுவாரு, எந்த மூலையில போய் நின்னுக்கிட்டுக் கண்ணைத் துடைப்பாருன்னு அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த மூலையில கேமராவோட காத்துக்கிட்டு இருப்பான். நாலு பேர்கிட்ட இதைப் பெருமையா சொல்லியிருக்கேன் நான். அந்தப் பேச்சையே இப்ப எடுக்கிறதில்ல. இப்போல்லாம் அவனுக்கு வேலை அவ்வளவா வர்றதில்ல. அவனவன் போன்லயே எடுத்துக்கிறான். இவன் வீட்டுலயே உருண்டுக்கிட்டுக் கெடந்தான்.

அந்த நேரத்துலதான் பட்டன் மேல ஒருத்தன் பைக்கை ஏத்திட்டுப் போயிட்டான். வாசல்லயே. நின்னுகூடப் பாக்கல அந்த ஆளு. பின்னங்கால் துணி மாதிரித் தொங்குது. என் மருமக அதை வாரித் தூக்கிக்கிட்டு ஓடுனா பாரு, ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு. மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு, தகடு வச்சு ஆபரேஷன் பண்ணினா நடக்கும், தள்ளிப்போடாதீங்க, சீழ் வச்சிருச்சுன்னா காலையே எடுக்கணும்னாங்க. எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு இவ அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டா. அவ சம்பளத்துல மூணு மாசம் வாயைக் கட்டினாலும் சேராது.

அப்போதான் என் மகன் சொன்னான், நீ கவலைப்படாதே, நான் வீடியோ போட்டுத் திரட்டித் தர்றேன், ஊர் உலகத்துல நல்லவங்க எவ்வளவோ பேர் இருக்காங்கன்னு. அன்னைக்கு நீ என் மருமக முகத்தைப் பாத்திருக்கணும். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இவனைப் பாத்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்கும் சந்தோஷம்தான். உருப்படியா ஒரு காரியம் பண்றானேன்னு.

மொத வீடியோ நல்லாத்தான் இருந்துச்சு. அவ பட்டனை மடியில வச்சுக்கிட்டு, இதுக்குக் கால் உடைஞ்சுபோச்சு, உங்களால முடிஞ்சதைச் செய்யுங்கன்னு நேரா பாத்துப் பேசினா. பொய் புரட்டு எதுவும் இல்ல. தினமும் வேலையில இருந்து வந்ததும் அவனைக் கேப்பா, சேந்துச்சான்னு. இன்னும் பாதிகூட வரலம்பான். மறுநாளும் அதே பேச்சு. ஜனங்க முன்னாடி மாதிரி இல்ல, ஈவு இரக்கம் கொறைஞ்சுபோச்சும்பான். அவ தலையை ஆட்டிட்டு, வலி மருந்தைச் சொட்டுச் சொட்டா பட்டன் வாயில விடுவா. அது ராத்திரியெல்லாம் ஒரு மாதிரி முனகும். கத்தக்கூடத் தெம்பு இல்லாத முனகல்.

ஒரு நாள் அவ அடுப்படியில நின்னு அழுதா. எங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு குழாயைத் தொறந்து விட்டுக்கிட்டு அழுதா. நான் எழுந்து போறதுக்குள்ள பாத்தா, இவன் ஜன்னலுக்கு வெளிய நிக்கிறான். என்னடான்னேன். உஸ்ஸுன்னு வாயில விரலை வச்சான். எனக்கு ஒண்ணும் புரியல. பொண்டாட்டி அழுவுறதைப் பாத்து மனசு உடைஞ்சு நிக்கிறான் போல, உள்ள போனா அவளுக்குக் கூச்சமா இருக்கும்னு வெளியவே நிக்கிறான்னுல்ல நெனைச்சேன். கையில கேமரா இருந்ததை நான் கவனிக்கல.

ஆமா. அதே வீடியோதான். நீ ரெண்டாவது தடவை அழுதது அதுக்குத்தானே? எனக்குத் தெரியும். எல்லாரும் அதுக்குத்தான் அழுதிருக்காங்க.

உன்னைச் சொல்லலம்மா, ஏன் முகத்தைத் திருப்பிக்கிறே? நான் ஒரு சினிமா தியேட்டர்ல டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருந்தவ. சோகப் படம் ஓடுறப்போ ஜனங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டே வெளிய வருவாங்க, அப்படியே நின்னு ஐஸ்கிரீம் வாங்குவாங்க. அதுல என்ன தப்பு? படம் முடிஞ்சா அழுத நடிகை முகத்தைக் கழுவிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவா. இங்க பட்டன் எங்க போகும்? அது வலி அதுகிட்டயே கெடந்துச்சு. அந்த வீடியோவுக்குக் கீழ எவனோ ஒருத்தன் எழுதுறான், லைட் சரியில்ல, காயம் தெளிவா தெரியலன்னு. எழுதுறானே, கை கூசல? அதைப் படிச்சுட்டு இந்தப் பய புதுசா ஒரு லைட் வாங்கிட்டு வர்றான். அவ பஞ்சை எடுத்துப் புண்ணைத் துடைக்கப் போனா, இரு இரு, துடைக்காதே, மொதல்ல ஒரு ஷாட் எடுத்துக்கிறேங்கிறான். சீழும் ரத்தமுமா இருந்தாத்தான் எடுபடுமாம். சீ. தண்ணி இருக்கா உன்கிட்ட? ஒரு மடக்கு குடு.

போதும்மா. என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறே.

கம்பெனியிலதான். சாப்பாட்டு நேரத்துல பக்கத்து டேபிள்காரி ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டாளாம். உன் பூனைக்குத்தான் வேணுங்கிற பணமெல்லாம் எப்பவோ சேந்துருச்சே, நானும் போட்டேன், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேட்டிருக்கா. இவளுக்கு ஒண்ணும் வெளங்கல. அவ போனை நீட்டுறா. இவ பாக்குறா. குழாய்த் தண்ணிக்கு முன்னாடி குனிஞ்சு நின்னு அழுவுற தன் முதுகையே பாக்குறா. கீழ பாத்தா, டாக்டரம்மா கேட்ட மாதிரி எத்தனையோ மடங்கு வந்து குவிஞ்சு கெடக்கு. லட்சக்கணக்குல ஜனங்க பாத்திருக்காங்க. தாலாட்டு மாதிரி அந்த வயலின் வேற.

அரை நாள் லீவு போட்டுட்டு வந்தா. வந்தவ சத்தம் போடல. பணம் வந்துருச்சாமே, ஏன் ஆபரேஷனுக்குச் சொல்லலன்னு மட்டும் கேட்டா. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். அவனுக்குக் கொஞ்சமாவது முகம் செத்துப்போகும்னு பாத்தா, இல்ல. பாடம் சொல்லிக் குடுக்கிற வாத்தியார் மாதிரி உக்காந்து வெளக்குறான். இப்ப நல்லாச் சூடு பிடிச்சிருக்கு, இப்பப் போய் ஆபரேஷன் பண்ணி அது எழுந்து நடந்துருச்சுன்னா எல்லாரும் ஒரு லைக்கைப் போட்டுட்டுப் போயிடுவாங்க, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும், உன் பூனைதானே நமக்குச் சோறு போடுதுங்கிறான். நம்ம எல்லாருக்கும்தானேன்னு என்னையும் ஒரு பார்வை பாத்தான். என் கையில அவன் சட்டை இருந்துச்சு. மடிக்கத் தோணல. அப்படியே கீழ விட்டுட்டேன்.

அவ பட்டனைத் துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போயிட்டா. சாயங்காலம் போன் வந்துச்சு. அவன் ஸ்பீக்கர்ல போட்டான், அவ பேசினா. ரொம்ப லேட்டாயிடுச்சாம், சீழ் எலும்புக்குள்ள போயிடுச்சாம், காலை எடுத்தாத்தான் உயிர் நிக்குமாம்னா. குரல் அவ்வளவு சின்னதா இருந்துச்சு. அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. மூணு காலா? இன்னும் நல்லதா போச்சு, நான் கேமராவோட வர்ற வரைக்கும் உள்ள கொண்டு போக வேணாம்னு சொல்லுன்னான்.

நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். என் காதால கேட்டேன்.

அவ போனை வச்சுட்டா. அவ்வளவுதான், அன்னைக்குல இருந்து அவ இந்த வீட்டு வாசலை மிதிக்கல.

ஆபரேஷன் செலவா? அந்தக் கூத்தையும் கேளு. மலை மாதிரி குவிஞ்ச பணத்துல ஒத்தப் பைசா அந்தப் பூனைக்குப் போகல. செக்கிங் டேபிள் பொம்பளைங்க ஒரு டிபன் பாக்ஸ் மூடியை வச்சு ஆளாளுக்குப் போட்டிருக்காங்க. பாதிப் பேரு ஏற்கெனவே போன்ல போட்டவங்க. ஒரே பூனைக்கு ரெண்டு தடவை. மிச்சத்தை மாசாமாசம் குடுன்னு டாக்டரம்மா விட்டுட்டாங்க. இவன்? புது போன், புது கேமரா, பைக்குக்கு அட்வான்ஸ். எனக்கு ஒரு செருப்பு வாங்கிட்டு வந்தான். டப்பாவைக்கூடத் தொறக்கல நான். வாசல்ல கெடக்கு.

நான் அவளைப் போய்ப் பாத்தேன். கூட வேலை செய்யுறவளோட ஒரு ரூம்ல இருக்கா. ரெண்டு கட்டிலுக்கு நடுவுல நடக்க எடமில்ல. பட்டன் நல்லா இருக்குது, உனக்கு அது தெரியணும். மூணு காலோட கட்டில் மேல தாவுது, எறங்குறப்போதான் கொஞ்சம் சறுக்குது. என்னைப் பாத்ததும் வந்து கணுக்கால்ல ஒரசிச்சு. எனக்குத் தலையைத் தூக்கி அவ முகத்தைப் பாக்க முடியல. அவ சாப்பிட்டீங்களா அத்தைன்னா. டீ போட்டுக் குடுத்தா. கெளம்புறப்போ மட்டும் சொன்னா, அவர் போட்டதெல்லாம் பொய்யில்ல அத்தை, நான் அழுதது நெசம்தான், அதைத்தான் அவர் வித்துட்டாருன்னு. சொல்லிட்டு அவ பாட்டுக்கு டம்ளரைக் கழுவப் போயிட்டா.

சரி, இப்ப நீ கேக்கப்போறது எனக்குத் தெரியும். பட்டன் அங்க இருக்குன்னா இது யாருன்னுதானே?

நீ வந்து உக்காந்ததும் பட்டன், பட்டன்னு ஆசையா கூப்பிட்டியே, திரும்பிப் பாத்துச்சா இது? எப்படிப் பாக்கும், அதுக்கு அந்தப் பேரே தெரியாது. முந்தாநாள்தான் எங்கேயோ மார்க்கெட் பின்னாடி இருந்து சாக்குல போட்டுக் கொண்டாந்தான். பட்டனுக்கு உள்ள அதே பழுப்பும் வெள்ளையும். ரூமுக்குள்ள கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். உள்ள கத்துது, பொருள் விழுது. நான் கதவைத் தட்டித் தொறந்து பாத்தா, இதோட பின்னங்காலை வயித்தோட மடக்கிச் சேத்துக் கட்டிக்கிட்டு இருக்கான். நாலு காலும் கல்லு மாதிரி இருக்கிற பூனை. கட்டுக்கு மேல செவப்பா எதையோ வேற தடவியிருக்கான். கையெல்லாம் அது பிறாண்டி வச்ச கோடு. ஜனங்க பட்டன் எப்படி இருக்கு, பட்டன் எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்கம்மா, ஏதாவது காட்டணும்லங்கிறான். அப்புறம் நல்ல யோசனை வந்தவன் மாதிரி என்னைப் பாத்துச் சிரிக்கிறான். நீ மடியில வச்சுத் தடவிக் குடும்மா, கண்ணுல தண்ணி வந்தா இன்னும் நல்லது, வயசானவங்கன்னா நல்லா ஓடும்னான்.

அந்தச் சிரிப்பு இருக்கே, அது சின்னப் புள்ளையில இருந்தே அவனுக்கு உள்ள சிரிப்புதாம்மா. நான் ஆசை ஆசையா பாத்த சிரிப்பு. அதைப் பாத்து எனக்கு வாந்தி வந்துச்சு. நெசமாவே பாத்ரூமுக்குப் போயி எடுத்தேன்.

அவன்கிட்ட சண்டை போடலையான்னு கேக்குறே. போட்டேன், போடாம? அந்தப் பணத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துடு, உன் வாயாலயே உண்மையைச் சொல்லிடுன்னேன். அவன் சிரிச்சான். நீ இந்தக் காலத்துக்கு வராத ஆளும்மான்னான். ஒரு நாள் பூரா பொறுத்தேன். தப்பு உறைக்கட்டும், தானா அவுத்து விடட்டும்னு. அவன் அடுத்த வீடியோவுக்குப் பாட்டுத் தேடிக்கிட்டு இருந்தான். இன்னைக்கு அவன் குளிக்கப் போனப்போ இதைக் கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அவனுக்கு மத்தியானச் சாப்பாடு செஞ்சு மூடி வச்சுட்டுத்தான் வந்தேன். பழக்கம், என்ன பண்றது.

கட்டை ஏன் பிரிக்கலையா? இறுக்கத்தைத் தளத்தி விட்டுட்டேன், கையை விட்டுப் பாரு, வலிக்காது. இப்ப கால் மடங்கலை. முழுசா பிரிச்சுட்டா நான் சொல்றதை யார் நம்புவா? அவங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். இது எழுந்து நாலு கால்ல ஓடுறதை அவங்களே பாக்கணும்.

யாருன்னா கேக்குறே? மருமக வீடு இந்தப் பக்கம் இல்லம்மா. அவளுக்கு நான் வந்ததே தெரியாது. தெரிஞ்சா வேணாம் அத்தைன்னுடுவா. இதோ அடுத்த ஸ்டாப்புல, மேம்பாலம் தாண்டினதும் வருதுல்ல, நீலக் கலர் கேட்டு, போலீஸ் ஸ்டேஷன். அங்கதான் எறங்கணும்.

கையைப் பிடிக்காதே, எனக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பயமா இருந்துச்சு, அவ்வளவுதான். பெத்த மகன் மேல புகார் குடுக்கப் போறவ, அங்க போய் நின்னு உளறிக் கொட்டிடக் கூடாது பாரு. வீட்டுல இருந்து மனசுக்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்தேன், பாதியிலயே அழுகை வந்துடுது. நீ வந்து பக்கத்துல உக்காந்து பட்டனான்னு கேட்டே. சரி, இந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லிப் பாத்துடுவோம்னு ஆரம்பிச்சேன். பரவாயில்ல, அழுகை வரல. கோர்வையா வந்துச்சுல்ல? எங்கயாவது புரியாம இருந்துச்சா?

சரிம்மா. எழுந்து கொஞ்சம் வழி விடு. டிரைவருக்கு ஒரு குரல் குடு, மெதுவா நிறுத்தச் சொல்லு, கூடையோட எறங்கணும்.